தினமும் துடைத்த காரில் ஏன் இத்தனை கீறல்கள்?

கேள்வி: பத்து மாதங்களுக்கு முன் கறுப்பு நிறத்தில் புதிய கார் வாங்கினேன். குடியிருப்பது தாம்பரத்தில், போர் தண்ணீர்தான். தினமும் காலையில் தூசியைத் துடைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுவுகிறேன். இப்போது வெயிலில் பார்த்தால் பானட் முழுவதும் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கீறல்களும், கதவுகளில் வெள்ளைப் புள்ளிகளும் தெரிகின்றன. ரப்பிங் பாலிஷ் போட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். வீட்டிலேயே நான் செய்யலாமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பாலிஷைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் காலைத் துடைப்பை நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொல்லும் கீறல்களில் பெரும்பகுதி உங்கள் கையில் இருந்த துணியால் விழுந்ததாகத்தான் இருக்கும். இரவில் காரின் மேல் படியும் தூசியில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. உலர்ந்த துணியால் தேய்க்கும்போது அது துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் சிக்கி, உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. கீறல்கள் உண்மையில் வட்டமாக ஓடுவதுமில்லை. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் கோடுகளில், வெளிச்சம் படும் கோணத்துக்குப் பொருந்தியவை மட்டும் மின்னுவதால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகின்றன. வெள்ளைக் காரிலும் இவை இருக்கும். கண்ணில் படாது, அவ்வளவுதான். அடுக்குமாடி வீடுகளில் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்துக் கார்களைத் துடைத்துவிட்டுப் போகும் வழக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே பக்கத்து வீட்டுக் காரின் மணலும் உங்கள் பானட்டுக்கு வந்து சேருகிறது.

வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம் உங்கள் போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள், துளி காய்ந்ததும் பெயின்டின் மேல் தங்கிவிடுகின்றன. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிவம் கட்டுமானால், அதே படிவம் காரிலும் கட்டும். வெயிலில் பானட் சூடாக இருக்கும்போது கழுவினால் துடைக்கும் முன்பே தண்ணீர் காய்ந்துவிடும் என்பதால், அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ, நிழலில் நிறுத்தி, பானட்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில் மட்டுமே கழுவுங்கள்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை: இரண்டு வாளிகள், காருக்கென்று விற்கும் ஷாம்பூ, கையுறை போல மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட், ஈரம் ஒற்றி எடுக்க ஒரு பெரிய மைக்ரோஃபைபர் துண்டு, சக்கரங்களுக்குத் தனியாக ஒரு பிரஷும் பழைய துணியும். பாத்திரம் துலக்கும் திரவமும் துணி துவைக்கும் தூளும் வேண்டாம். அவை அழுக்கோடு சேர்த்து, பெயின்டின் மேல் காப்பாகப் பூசிய வாக்ஸையும் எடுத்துவிடும். பழைய பனியன் துணியும் வேண்டாம். மென்மையாகத் தோன்றினாலும் அது மணலை உள்ளே வாங்கிக்கொள்ளாமல் மேற்பரப்பிலேயே வைத்து இழுக்கும். நானும் ஒரு காலத்தில் பனியன் துணியைத்தான் நம்பியிருந்தேன். என் பழைய காரின் கதவுகள் அதற்குச் சாட்சி.

முதலில் சக்கரங்களைக் கழுவிவிடுங்கள். பிரேக் தூள் படிந்த அந்த அழுக்கைக் கடைசிக்கு வைத்தால், கழுவி முடித்த கதவின் மேல் தெறிக்கும். வண்டி ஓட்டி வந்த உடனேயே சக்கரங்களில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிரேக் டிஸ்க் ஆறட்டும். பிறகு கார் முழுவதும் மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றி, கை படாமலே போகக்கூடிய தூசியைப் போக்கிவிடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைச் சேமிக்க நினைப்பவர்கள்தான் அதிகம் கீறுகிறார்கள். அதன் பின் ஒரு வாளியில் ஷாம்பூ நீர், மற்றொன்றில் வெறும் நீர் என்று வைத்துக்கொண்டு, கூரையில் தொடங்கி, கண்ணாடி, பானட், கதவுகளின் மேல்பாதி என்று இறங்குங்கள். சேறும் மணலும் அதிகமுள்ள கதவுகளின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசியில் வரட்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் நீரில் அலசிப் பிழிந்த பிறகே ஷாம்பூவில் மறுபடி நனைக்க வேண்டும். தேய்க்கும் திசை நேர்க்கோடாக இருக்கட்டும், அழுத்தம் வேண்டாம். மிட் தரையில் விழுந்துவிட்டால் நன்றாக அலசாமல் மீண்டும் காரில் வைக்காதீர்கள். நுரை காயும் முன்பே பகுதி பகுதியாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, கடைசியில் துண்டை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்து ஈரத்தை எடுங்கள். கதவு இடுக்குகளிலும் பக்கக் கண்ணாடிகளுக்கு உள்ளேயும் தங்கும் நீர் பிறகு வழிந்து புள்ளி விழவைக்கும் என்பதால், கதவுகளைத் திறந்து அங்கும் ஒற்றிவிடுங்கள்.

போர் தண்ணீர் உள்ள வீட்டுக்கு ஓர் எளிய உபாயம் உண்டு. ஏசியின் குழாயிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது. அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. வாரம் முழுவதும் அதைச் சுத்தமான கேனில் சேர்த்துவைத்து, கடைசி அலசலுக்குப் பயன்படுத்தினால் வெள்ளைப் புள்ளிகள் வெகுவாகக் குறையும். ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரைக் காருக்குப் பயன்படுத்தும் பழக்கம் இதற்கு நேர் எதிரானது. குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்த நீரில்தான். தரை கழுவ அது போதும், காருக்கு ஆகாது.

ஏற்கெனவே விழுந்த புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரையும் ஏசி நீரையும் சம அளவில் கலந்து, துணியை நனைத்து அந்த இடத்தில் ஓரிரு நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். முதலில் எளிதில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். குரோம் பட்டைகளில் படவிட வேண்டாம். அதன் பிறகும் தடம் மிஞ்சினால், உப்பு பெயின்டை அரித்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பாலிஷ்தான் வழி.

இப்போது பாலிஷுக்கு வருவோம். கடைகளில் பாலிஷ், வாக்ஸ், ரப்பிங் காம்பவுண்ட் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம். வாக்ஸ் மேலே பூசப்படும் காப்பு. காம்பவுண்டும் பாலிஷும் தேய்த்து எடுப்பவை: காம்பவுண்ட் முரட்டுத்தனமாக எடுக்கும், பாலிஷ் மென்மையாக எடுக்கும். எடுப்பது எதை என்றால், நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சை. அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான்தான். நாம் அச்சடிக்கும் ஏ4 தாளில் ஏறத்தாழ பாதி. கீறலைச் சுற்றியுள்ள பூச்சையும் தேய்த்துத் தாழ்த்தித்தான் கீறலை மறைக்கிறோம். ஒவ்வொரு சர்வீஸின்போதும் ரப்பிங் போட்டுக்கொண்டிருந்தால் சில ஆண்டுகளில் பூச்சு மெலிந்து, பானட்டின் விளிம்புகளில் நிறம் வெளிறத் தொடங்கும். பத்து மாதக் காருக்குக் காம்பவுண்ட் தேவைப்பட வாய்ப்பு குறைவு.

எனவே உங்களுக்கு நான் சொல்வது மென்மையான பாலிஷை மட்டும், அதுவும் கையாலேயே. நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள்; நகம் மாட்டினால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம், அதை விட்டுவிடுங்கள். கழுவி உலர்த்திய பானட்டில், கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்துத் தடவினால் பொடிப்பொடியாக நெருடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நெருடினால் கிளே பார் என்னும் களிமண் போன்ற மென்மையான கட்டியை ஷாம்பூ நீரில் நனைத்து, பரப்பையும் ஈரமாக வைத்தபடி மெதுவாக ஓட்டி அந்த ஒட்டுத் துகள்களை எடுங்கள். கிளே கீழே விழுந்தால் எறிந்துவிட வேண்டும், அதில் ஒட்டிய மணலை எடுக்க முடியாது. அடுத்து கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகளுக்கும் ரப்பர் ஓரங்களுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பாலிஷ் பட்டால் அங்கே வெள்ளையாகத் தங்கிவிடும். ஒன்றரை அடிச் சதுரத்தில், நுரைப் பஞ்சில் பட்டாணி அளவு பாலிஷை இரண்டு மூன்று புள்ளிகளாக வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் சீராகத் தேய்த்து, காயும் முன் சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு சதுரத்தை வெயிலில் பார்த்துத் திருப்தி ஏற்பட்டால் மட்டும் மற்ற பகுதிகளுக்குச் செல்லுங்கள். கையால் செய்வதில் கீறல்கள் முழுதாக மறையாது, மங்கும். மீதத்துக்கு மெஷின் வேண்டும். முதல் முறையே வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினை எடுப்பது விளிம்புகளில் பெயின்டை எரித்துவிடக்கூடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாலிஷ் முடிந்த அன்றே வாக்ஸ் போடுங்கள். மெல்லியதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்தால் போதும். தடிமனாகப் பூசுவதால் பலன் கூடாது, துடைப்பதுதான் சிரமமாகும். ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா வாக்ஸ் நம் வெயிலில் சில வாரங்களே தாங்கும். வாக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைக் காப்பான சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். மறுபெயின்ட் அடித்த பாகம் ஏதேனும் இருந்தால், பெயின்ட் முழுதாக உலர குறைந்தது ஒரு மாதம் விட்டு, அதன் பிறகு வாக்ஸ் போடுங்கள்.

பறவை எச்சத்துக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். அதன் அமிலத்தன்மை வெயிலில் சில மணி நேரத்திலேயே பூச்சில் தடம் பதித்துவிடும். ஈரத் துணியை அதன் மேல் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். கழுவி முடித்ததும் காரை உடனே ஓரங்கட்டிவிடாமல், தெருவில் ஓரிரு சுற்று ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்து டிஸ்க்கின் ஈரம் போன பிறகு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை துருவின் கரகரப்போடுதான் வண்டி கிளம்பும்.