தெர்மல் பேஸ்ட், ஃபேன், சத்தம்: கேள்விகளும் பதில்களும்

வீட்டுக் கம்ப்யூட்டரைச் சத்தமில்லாமல் ஓட்டுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஓவர்க்ளாக்கிங் (பிராசஸரை அதன் வரம்பைத் தாண்டி ஓட்டுவது) பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அந்த ஆட்டத்துக்கு நான் ஆள் இல்லை.

முரளி: ஃபேன் சத்தம் தாங்க முடியவில்லை. எந்த பேஸ்ட் போட்டால் குறையும்?

பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவில் தடவுவதுதான் பேஸ்ட். அதை மாற்றிச் சத்தம் குறைந்தது என்றால் பழைய பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டிப் போயிருந்தது என்று அர்த்தம். மற்றபடி எந்த டியூபும் அந்த வேலையைச் செய்யாது. பிராசஸரின் மூடியும் கூலரின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழவென்று தெரிந்தாலும் உள்ளே நுண்ணிய மேடும் பள்ளமும்தான், அந்தப் பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 0.026 வாட், செம்புக்கு சுமார் 400. பேஸ்ட் அந்தக் காற்றை விரட்டிவிட்டு அங்கே உட்காருகிறது, அவ்வளவுதான். செம்போடு பார்த்தால் பேஸ்டும் மட்டமான கடத்திதான், அதனால்தான் மெல்லிசாக இருக்க வேண்டும் என்கிறோம். டப்பாவில் 8.5, 12.5 என்று போட்டிருக்கும் கடத்துதிறன் எண்களை வைத்து ஒரு கம்பெனியை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள், ஆளுக்கொரு விதமாக அளக்கிறார்கள். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, எம்எக்ஸ்-6, நாக்டுவா என்டி-எச்1, எது கிடைக்கிறதோ வாங்குங்கள். சாதாரண உபயோகத்தில் இவற்றுக்குள் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடும், காதுக்குத் தெரியாது. சத்தம் ஃபேன் வேகத்திலிருந்து வருகிறது, வேகத்தைத் தீர்மானிப்பது பிராசஸர் இழுக்கும் வாட்டும், பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று சொல்லும் ஃபேன் கர்வும். கை வைக்க வேண்டிய இடம் அது.

கவிதா: பட்டாணி அளவா, எக்ஸ் மாதிரி கோடா, இல்லை அட்டை வைத்து முழுக்கத் தடவணுமா?

மூன்றும் சரி. கூலரைப் பூட்டியதும் அழுத்தத்தில் தானே பரவிவிடும். பெரிய மூடி இருக்கும் பிராசஸருக்கு எக்ஸ் போட்டால் மூலைகளும் நனையும். சந்தேகம் இருந்தால் ஒருமுறை பூட்டி, கழற்றிப் பாருங்கள்: நடுவில் உலோகம் லேசாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய சாம்பல் படிவு, ஓரத்தில் சின்னதாகப் பிதுங்கிய வரப்பு, இப்படி இருந்தால் பிரமாதம். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக நின்றால் ஸ்க்ரூவை ஒரே பக்கமாக இறுக்கியிருக்கிறீர்கள். எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பார்த்தபின் துடைத்துவிட்டு, புதிதாகப் போட்டுப் பூட்டுங்கள். துடைக்க 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். அப்புறம், கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா? இதை இன்று இன்னும் பல தடவை கேட்பேன்.

அன்வர்: பேஸ்ட் தீர்ந்துவிட்டது, அவசரத்துக்கு டூத்பேஸ்ட்?

ஈரம் காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடிதான் மிஞ்சும். பல்லுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெகன்: லிக்விட் மெட்டல் போடலாமா? எல்லாவற்றையும் விட அதுதான் பெஸ்ட் என்கிறார்களே.

கூலரின் அடிப்பாகம் அலுமினியம் என்றால் லிக்விட் மெட்டலில் இருக்கும் காலியம் என்ற உலோகம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். ஒரு துளி சிந்தினால் மின்சாரமும் கடத்தும், மதர்போர்டு போய்விடும். அமைதியான வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வேண்டாம்.

தேவி: ரைசன் 7700எக்ஸ் பிராசஸர் வாங்கினேன். வேலை கொடுத்தால் 95 டிகிரி போகிறது. பேஸ்டை இரண்டு தடவை மாற்றியும் அதே 95. பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை, அதன் வடிவமைப்பே அப்படித்தான். அந்த வரிசைப் பிராசஸர்கள் முழு வேலையில் 95 டிகிரியைத் தொடும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நீங்கள் எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டாலும் அது மிச்சப்படுத்திய இடத்தை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடி நிரப்பிவிடும், எண் அப்படியே 95-ல் நிற்கும். பயோஸில் ஈகோ மோட் என்று ஒன்று இருக்கும், அதில் 65 வாட்டைத் தேர்ந்தெடுங்கள். பெயரில்தான் 65, உண்மையில் 142 வாட் வரை இழுக்கும் பிராசஸர் 88 வாட்டில் நின்றுவிடும். கேம் ஆடும்போது வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. இன்டெலில் இதே வேலையை பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு வாட் வரம்புகள் செய்கின்றன, அவற்றைக் குறைத்துப் பாருங்கள்.

சரவணன்: சும்மா பிரவுசர் திறந்தாலே ஃபேன் உர்ரென்று ஏறி இறங்குகிறது. சத்தத்தை விட இந்த ஏற்ற இறக்கம்தான் எரிச்சல்.

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. பிராசஸரின் சில்லு விரல் நகம் அளவு, ஒரு டேப் திறந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் பத்து பதினைந்து டிகிரி குதிக்கும், அடுத்த நொடி இறங்கும். கூலரின் உலோகப் பாகமான ஹீட்சிங்க் அதற்குள் சூடாகவே இல்லை. ஆனால் மதர்போர்டு அந்த எண்ணை நம்பி ஃபேனை விரட்டுகிறது. பயோஸில் ஃபேன் கர்வைத் திறந்து 60, 65 டிகிரி வரை ஒரே வேகத்தில் படுக்கைக் கோடாகப் போடுங்கள், அதற்கு மேல் மெதுவாக ஏறட்டும். ஸ்டெப் அப் டைம் என்றோ ஹிஸ்டெரிசிஸ் என்றோ இருந்தால் அதைக் கூட்டிவிடுங்கள், சில நொடிக் குதிப்பை ஃபேன் கண்டுகொள்ளாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். அதனால்தான் பெரிய ஹீட்சிங்க், 140 மிமீ ஃபேன், குறைந்த ஆர்பிஎம் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன்.

பிரபு: அமைதி வேண்டும் என்றால் வாட்டர் கூலிங்தானே? இதைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறீர்கள்.

சுற்றி வளைக்கவில்லை. ஏஐஓ எனும் ரெடிமேட் வாட்டர் கூலரிலும் கடைசியில் சூட்டை வெளியேற்றுவது ஃபேன்தான், கூடவே ஒரு பம்ப்பும் நாள் முழுக்கச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது டவர் கூலரின் (தண்ணீர் இல்லாமல் ஹீட்சிங்க்கும் ஃபேனும் மட்டும் உள்ளது) ஃபேனை ஏறக்குறைய நிறுத்திவிடலாம், பம்ப்பை நிறுத்த முடியாது.

பிரபு: என்னிடம் 360 மிமீ ஏஐஓ இருக்கிறது, பம்ப் சத்தம் கேட்டதே இல்லை. நீங்கள் பழைய காலத்து அனுபவத்தை வைத்துப் பேசுகிறீர்கள்.

உங்கள் கேபினெட் மேஜைக்கு அடியில் இருக்கிறதா, காதுக்குப் பக்கத்தில் மேஜை மேலா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மாலதி: பிரபு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும், அதனால் சின்னச் சின்ன வேலைக்கு ஃபேன் ஏறாது இல்லையா?

அது உண்மை, மறுக்கவில்லை. ஃபேனைத் தண்ணீரின் வெப்பநிலையை வைத்து ஓட்டினால் குதிப்பே இருக்காது. 200 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் ரெண்டரிங் செய்பவருக்கு 360 மிமீ ரேடியேட்டர் நியாயமான செலவு. ஆனால் இங்கே கேட்பவர்களில் பாதிப் பேர் வைத்திருப்பது 65 வாட் பிராசஸர். அதற்கு நான்கைந்து ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) உள்ள டவர் ஒன்று தாராளம். டவரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான், புதிது வாங்கிக் கிளிப்பை மாட்டினால் முடிந்தது. ஏஐஓவில் பம்ப் போனால் மொத்தமும் குப்பை, போதாததற்கு ரப்பர் குழாய் வழியே தண்ணீர் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே சேரும் காற்று மேலே போகும், எனவே பம்ப் அந்தச் சுற்றின் உச்சியில் இருக்கக் கூடாது. ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் மாட்டி, பம்ப்பை உச்சியாக்கிவிட்டு களகளவென்று சத்தம் வருகிறது என்பவர்கள் நிறைய.

பிரபு: மேஜை அடியில்தான் இருக்கிறது.

நன்றி.

ரமேஷ்: நல்ல பேஸ்ட் ஒன்று சொல்லுங்களேன்.

முரளிக்குச் சொன்னதுதான்.

ஷாலினி: புது டவர் கூலர் மாட்டினேன், ஆன் செய்த ஒரு நிமிஷத்திலேயே 95 டிகிரி. பேஸ்ட் போலியா?

படலம். கழற்றி உரியுங்கள்.

தினேஷ்: கேம் ஆடும்போது 'கீய்ங்' என்று மெல்லிய சத்தம். எல்லா ஃபேனையும் மாற்றிவிட்டேன், போகவில்லை.

போகாது, அது ஃபேன் சத்தமே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் காயில்கள் மின்னோட்டத்துக்கு ஏற்ப அதிர்கின்றன. கேமின் மெனு திரையில் ஃபிரேம் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் எகிறும்போது அதிகமாகக் கேட்கிறதா பாருங்கள். ஃபிரேம் ரேட்டுக்கு வரம்பு போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

செந்தில்: லேப்டாப்புக்கு எந்த பேஸ்ட்?

லேப்டாப்பில் மூடியில்லாத சில்லு, சூடும் குளிரும் மாறி மாறிப் பேஸ்டை ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஹனிவெல் பிடிஎம்7950 என்ற ஷீட் இருக்கிறது, 45 டிகிரி வாக்கில் இளகிப் படிந்துகொள்ளும், வெளியே தள்ளப்படாது. திறக்கத் தெரியாது என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ரகு: எந்த பேஸ்ட்...

முரளி.

ஹேமா: ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டில் பேஸ்ட் மாற்றப் போகிறேன், கவனிக்க வேண்டியது உண்டா? வருஷா வருஷம் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. அதே வேலைக்கு முன்பைவிடச் சூடு ஏறினால் மாற்றலாம், அதற்கும் முன்னால் தூசியைத் தட்டுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும். ஏஎம்4-ல் பழைய பேஸ்ட் பசையாகிப் பிராசஸரையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளைந்தால் அழுவதைத் தவிர வழியில்லை. கழற்றும் முன் பத்து நிமிஷம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்கிக்கொண்டு நகர ஆரம்பித்ததும் தூக்கலாம். திரும்ப மாட்டுவது புதுக் கூலர் என்றால் என்ன கேட்பேன் என்று உங்களுக்கே தெரியும்.