எந்தப் பெண்கள் கல்லூரி? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து ஒரே கேள்வியை ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷம் பெண்கள் கல்லூரிகளில் வேதியியல் நடத்தியவள் என்ற உரிமையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆரணியிலிருந்து ஒரு மாணவி: மேடம், பெண்கள் கல்லூரி என்றால்தான் அப்பா அனுப்புவேன் என்கிறார். எனக்கு அது அடைத்துவைப்பது மாதிரி தோன்றுகிறது. என் பயம் சரியா?

உன் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறதம்மா. பெண்களைப் பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்று நினைக்கும் கல்லூரிகள் இன்றும் இருக்கின்றன. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நூலகத்தை மாலை நாலு மணிக்கே சாத்திவிடுவார்கள். அதை மாற்றச் சொல்லி இரண்டு வருஷம் மனு எழுதினேன், நடக்கவில்லை.

மறுபாதியையும் கேள். கல்லூரி விழாவன்று மேடைக்குப் பின்னால் போய்ப் பார். மைக் ஒயரை இழுப்பவள், லைட்டுக்காக ஏணியில் நிற்பவள், வரவு செலவு எழுதுபவள், தாமதமாக வந்த சிறப்பு விருந்தினருக்காக நிகழ்ச்சி நிரலை மாற்றியமைப்பவள் எல்லாருமே மாணவிகள்தான். அந்த வேலையைச் செய்ய அங்கே வேறு ஆள் கிடையாது. முதல் வருஷம் வருகைப்பதிவுக்கு ‘எஸ் மேம்’ என்று சொல்லவே குரல் வராமல் நின்ற பெண், மூன்றாம் வருஷம் மாணவர் மன்றத் தலைவியாகி முதல்வர் அறையில் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இடம் கொடுக்கும் கல்லூரியா என்று பார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: பழைய பெயர் பெற்ற கல்லூரியா, புதிதாக வந்து நன்றாக விளம்பரம் செய்யும் கல்லூரியா?

பழைய கல்லூரிகளுக்கு ஒரு பலம் உண்டு ஐயா. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி 1895-லிருந்து இருக்கிறது. உங்கள் ஊர் லேடி டோக் 1948-ல் தொடங்கியது. சென்னையில் எத்திராஜும் அதே ஆண்டுதான். இங்கெல்லாம் படித்தவர்கள் எல்லா ஊரிலும், எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது உதவும்.

ஆனாலும் கல்லூரியின் வயதை வைத்துத் துறையை எடை போடாதீர்கள். நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரும் தர மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் சேர்த்துக் கொடுப்பது. ஏ கிரேடு கல்லூரியிலும் ஒரு துறை ஆளில்லாமல் காய்ந்து கிடக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் அவர்களுடையவை, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. பாடத்திட்டத்தைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள்.

நான் எப்போதும் செய்யும் சோதனை ஒன்று. வேலை நாளில், மதியம் மூன்று மணி வாக்கில் போங்கள். நூலகத்தில் உங்கள் மகள் எடுக்கப்போகும் பாடத்தில் நாலு புத்தகங்களை உருவி, பின்னட்டை உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச்சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை ஏழெட்டு வருஷத்துக்கு முந்தையது என்றால், புத்தகம் இருக்கிறது, படிப்பவர் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகிறது என்றால் நூலகரிடம் கேளுங்கள், சொல்வார். அறிவியல் பாடமானால் ஆய்வகத்தையும் எட்டிப் பாருங்கள். ஒரு ப்யூரெட்டை (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) சுற்றி ஐந்து பெண்கள் நின்றால், ஒருத்திதான் செய்கிறாள், நாலு பேர் நோட்டில் காப்பி எடுக்கிறார்கள்.

சேலத்திலிருந்து ஒரு தாய்: ஒரே கல்லூரி, ஒரே பி.காம். ஆனால் இரண்டு விதமாகக் கட்டணம் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை அம்மா. அரசு உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் சம்பளமும் மாணவிகளின் பணத்திலிருந்துதான் வரவேண்டும். பல கல்லூரிகளில் காலை ஷிஃப்ட் உதவி பெறுவது, மதிய ஷிஃப்ட் சுயநிதி. பட்டம் ஒன்றுதான். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறிக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள், பலர் அங்கேதான் தவறுகிறார்கள்.

பணம் இறுக்கம் என்றால் அரசு கல்லூரிக்குக் கட்டாயம் போடுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022-ல் தொடங்கிய திட்டம் இது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு விரிவுபடுத்தினார்கள். கல்லூரி மூலமாகத்தான் பதிய வேண்டும், சேர்ந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்த மாணவி: சென்னைக் கல்லூரியில் இங்கிலீஷ் பேசுபவர்கள் நடுவில் தாக்குப்பிடிப்பேனா?

பிடிப்பாய். முதல் செமஸ்டர் அழுகை வரும், இரண்டாவதில் குறையும். புரியாத வார்த்தையை அன்றன்றைக்கே கேட்டுவிடு, தேர்வு வரை சேர்த்துவைக்காதே.

ஒரு வாசகி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் மேடம், உங்களுக்குப் பிடித்த பெண்கள் கல்லூரி எது?

ராணி மேரிக் கல்லூரி. நான் அங்கே படித்தவளும் இல்லை, வேலை பார்த்தவளும் இல்லை. 1914-ல் மெரினா கடற்கரைக்கு எதிரே தொடங்கியது. அரசு கல்லூரி என்பதால், கையில் காசில்லாத வீட்டுப் பெண்ணும் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நுழையலாம். சென்னையில் கடலைப் பார்த்த இடம் என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். அந்த இடம் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பெண்கள் படிப்பதற்கென்றே இருக்கிறது. 2003-ல் அங்கே தலைமைச் செயலகம் கட்டப்போகிறார்கள் என்றபோது மாணவிகள் வெளியேற மறுத்துப் போராடினார்கள். கல்லூரி அங்கேயேதான் இருக்கிறது. இதற்குமேல் எனக்குக் காரணம் வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடித்தது வேறாக இருக்கலாம், இருக்கட்டும்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவி: ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டேன். இப்போது வேறு இடத்தில் சீட் வந்திருக்கிறது. சான்றிதழைத் தரமாட்டேன் என்கிறார்கள்.

அசல் சான்றிதழைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால், சிறு நிர்வாகக் கழிவு போகக் கட்டணத்தையும் திருப்பித்தர வேண்டும். நாள் தள்ளத் தள்ளத் தொகை குறையும், அந்தத் தேதி கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. அதனால் வாயால் கேட்டுக்கொண்டு நிற்காதே. இன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கல்லூரி முத்திரை வாங்கிக்கொள்.