காகம் செத்தால் யாரிடம் சொல்வது? – இளைப்பாறிய மிருக வைத்தியரிடம் கேள்வி பதில்

இன்று ஞாயிறு, மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை இருக்கிறேன். 31 வருடம் அரச மிருக வைத்தியராக வேலை செய்து இளைப்பாறி, இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன். மிருகங்களிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களைப் பற்றிக் கேளுங்கள்.

தெஹிவளை, ஒரு அம்மா: எங்கட மாமரத்தில இரவில வௌவால் கடிச்சுப் போட்ட பழங்களைக் காலையில பிள்ளைகள் பொறுக்கித் தின்னுதுகள். கேரளாவில வந்த நிபா இங்கயும் வருமா டொக்டர்?

கடிபட்ட பழத்தை எறிந்துவிடுங்கள். கடித்த பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுப்பதும் வேண்டாம். நல்ல பழத்தைக் கழுவித் தோல் சீவிக் கொடுக்கலாம். இலங்கையில் இதுவரை மனிதர் யாருக்கும் நிபா வந்ததில்லை. ஆனால் 2018 இல் கோழிக்கோட்டுப் பக்கம் 17 உயிரைக் கொண்டுபோன வைரஸைச் சுமக்கும் அதே இனப் பழந்தின்னி வௌவால்தான் பேராதனைப் பூங்காவிலும் தொங்குகிறது. அதனால் வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். பங்களாதேஷில் வௌவால் வாய் வைத்த ஈச்சம் பதநீரைக் காய்ச்சாமல் குடித்துப் பலருக்குத் தொற்றியது. நம் கருப்பணியையும் கித்துள் பதநீரையும் பச்சையாகக் குடிப்பவர்கள், முட்டியின் வாயை வௌவால் அண்டாதபடி மூடிக் கட்டச் சொல்லுங்கள். மரத்தைத் தறிக்க வேண்டாம், வௌவாலைக் கலைக்கவும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை: வீட்டு நாய்க்குட்டி விளையாட்டுக்குக் கடிச்சது. சின்னக் கீறல்தான். ஊசி போடணுமா?

கீறல் சின்னதா பெரிதா என்பது கணக்கில்லை. குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி தேவையா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். குட்டிக்கும் விசர் (ரேபிஸ்) வரும்.

வெள்ளவத்தை, பல்கலைக்கழக மாணவர்: அடுத்த பெருந்தொற்று மிருகத்திலிருந்து வந்தால் இலங்கை தயாரா? உலக சுகாதார நிறுவனம் மதிப்பீடு செய்ததாமே?

செய்தது. 2017 ஜூன் மாதம் வெளிநாட்டு நிபுணர்கள் வந்து 19 துறைகளைப் பார்த்தார்கள். மிருகவழி நோய்கள் அதில் ஒரு துறை. நம்மிடம் ஆட்களும் ஆய்வுகூடங்களும் உண்டு. பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ.மார். இந்த அளவுகூட இல்லாத நாடுகள் எத்தனையோ. ஆனால் நோயாளி ஒரு அமைச்சின் கீழ், மாடு இன்னொன்றின் கீழ், வௌவால் மூன்றாவதன் கீழ். கிருமிக்கு இந்தப் பிரிவினை கிடையாது.

1999 இல் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். அந்தக் கோடையில் நியூயோர்க்கில் ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. நுளம்பு பரப்பும் சென். லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி நுளம்புக்கு மருந்தடித்தார்கள். அதற்கு முன்பிருந்தே நகரில் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிரொங்ஸ் மிருகக்காட்சிசாலையின் நோயியல் மருத்துவர் டிரேசி மக்நமாரா செத்த காகங்களையும் பூநாரைகளையும் அறுத்துப் பார்த்து, சென். லூயிஸ் வைரஸ் பறவையைக் கொல்வதில்லை, இது வேறொன்று என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது சரி. அது அமெரிக்கா அதுவரை கண்டிராத வெஸ்ட் நைல் வைரஸ். 7 பேர் இறந்தார்கள். பறவை மருத்துவர் சொன்னதை மனித மருத்துவர்கள் காதில் வாங்க வாரக்கணக்கானது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் மலேசியாவில் பன்றிப்பண்ணை ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துத் தடுப்பூசி போட்டார்கள், நுளம்புக்குப் புகையடித்தார்கள். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். பன்றிகளும் தூரத்துக்குக் கேட்கும்படி இருமிக்கொண்டிருந்தன. அதுதான் நிபா. 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்த பிறகு, 10 லட்சம் பன்றிகளை அழித்து நிறுத்தினார்கள்.

என் பிழையையும் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பிரிவில் ஒரு பட்டியில் மாடுகள் அடுத்தடுத்துக் குறைமாதத்தில் கன்று வீசின. மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லோசிஸ் என்று கண்டுபிடித்து, மாட்டுக்குச் செய்யவேண்டியதையெல்லாம் செய்தேன். அந்த மாடுகளில் பால் கறந்தவர் விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு நாலு மாதம் வைத்தியசாலைக்கு அலைந்தார். தைபோயிட் என்று மருந்து கொடுத்தார்கள். அங்கிருந்த டொக்டருக்கு நான் ஒரு துண்டு எழுதியிருந்தால் ஒரு கிழமையில் விளங்கியிருக்கும். எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாடு தயாரா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த மனிதரின் முகம்தான் வரும்.

ஜா-எல: பன்றிக்காய்ச்சல் வந்த இறைச்சியைச் சாப்பிட்டால் ஆபத்தா?

2024 இல் இங்கே வந்தது ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல். அது மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் நோயில் செத்த பன்றியின் இறைச்சியை விற்பது குற்றம்.

பொரளை: கர்ப்பிணி வீட்டில் பூனை இருக்கலாமா?

இருக்கலாம். பூனையின் கழிவை வேறு யாராவது அள்ளட்டும். மிச்சத்தை உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

மருதானை: பூனை பிராண்டியது. பூனைக்கும் ஊசியா?

பூனைக்கும் விசர் வரும். மேலே கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதுதான். சவர்க்காரம், 15 நிமிடம், வைத்தியசாலை.

கிராண்ட்பாஸ், வியாபாரி: 2006 ல கட்டாக்காலி நாயைக் கொல்லக்கூடாதுன்னு ஆக்கினதுதான் பிழை. என் மகனுக்கு ரெண்டு தரம் கடி. முந்தி மாநகரசபை வண்டி வந்து பிடிச்சிட்டுப் போகும்.

ஐயா, உங்கள் கோபம் விளங்குகிறது. கணக்கைப் பாருங்கள். 100 நாயில் 70 க்குத் தடுப்பூசி போட்டால் அந்த இடத்தில் விசர் பரவ வழியில்லாமல் நின்றுபோகும். பிடிக்க வண்டி வந்தால் எந்த நாய் கையில் அகப்படும்? ஆளோடு பழகிய நாய். தடுப்பூசி போடப் பிடிபட்டதும் அதே நாய்தான். அதைக் கொன்றால் அந்த ரோட்டுக்கு ஊசி போடாத புது நாய் வரும். 1973 இல் விசரால் 377 பேர் இறந்த நாடு இது. இப்போது வருடத்துக்கு 20, 30 பேர். மனிதருக்கும் நாய்க்கும் போட்ட ஊசிகள் இல்லாமல் இது நடந்திருக்காது.

பம்பலப்பிட்டி: நாயைக் கொல்லச் சொல்றவங்களுக்குத்தான் முதல்ல விசர். நான் தினமும் 12 நாய்க்குச் சோறு வைக்கிறேன், ஒண்டும் கடிச்சதில்ல.

தங்கச்சி, அப்படிக் கதைக்கவேண்டாம். அவருடைய பிள்ளை கடிபட்டிருக்கிறான். உங்கள் 12 நாய்க்கும் இந்த வருடம் ஊசி போட்டாச்சா?

பம்பலப்பிட்டி: 5 க்குப் போட்டது.

மற்ற 7?

மட்டக்குளி: டொக்டர், இப்ப அரை மணித்தியாலத்துக்கு முதல் தங்கச்சிட மகளைத் தெருநாய் முகத்தில கடிச்சிட்டு. 6 வயசு. அம்மம்மா சுண்ணாம்பு வைக்கச் சொல்றா.

சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். இப்போதே சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், பிள்ளை அழுதாலும் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் ஓட்டோ பிடித்து நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். முகக்கடி மூளைக்குக் கிட்ட. காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புமருந்து தேவைப்படும் என்று நீங்களே சொல்லுங்கள். யாரும் நாயை அடித்துக் கொல்லவேண்டாம், அது எங்கே நிற்கிறது என்று பார்த்து வைக்கட்டும். 14 நாள் கவனிக்கவேண்டும்.

கிராண்ட்பாஸ், வியாபாரி: பாருங்க, இதைத்தான் சொன்னேன். ஊசி போட்டா சரின்னா எங்க ரோட்டுக்கு வந்து போட்டு ரெண்டு வருஷமாச்சு.

இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தெருநாய் நீண்ட காலம் வாழாது, குட்டிகளோ நிற்காமல் வரும். ஒரு வருடம் தவறினால் 70 என்பது 40 ஆகிவிடும். கொல்வதை நிறுத்தியது சரி, ஊசியை ஒழுங்காகப் போடாதது பிழை. தங்கச்சி, நீங்களும் கேளுங்கள். உங்கள் கையில் சோறு தின்னும் நாயை உங்களால்தான் பிடித்துக் கொடுக்க முடியும். இரண்டு பேரும் சேர்ந்து மாநகரசபை மிருக வைத்தியப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள்.

மட்டக்குளி: கழுவிட்டம். ஓட்டோவில போறம்.

நல்லது பிள்ளை. ஊசி அட்டையில் எழுதும் நாட்களில் ஒன்றைக்கூடத் தவறவிட வேண்டாம்.

கொலன்னாவை: வெள்ளம் வந்தால் எலிக்காய்ச்சல் வருமா?

வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு வழியாக ஏறும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இறந்தபோது மர்மக் காய்ச்சல் என்றார்கள், பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வயலிலும் வடிகானிலும் இறங்குபவர்கள் பி.எச்.ஐ.யிடம் கேட்டால் தடுப்பு மாத்திரை இலவசம். வெள்ளத்தில் நின்றபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நின்றதை டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெயரில்லாமல்: கொரோனா ஆய்வுகூடத்தில் செய்ததுதானே?

இது என் துறையில் இல்லை. இதில் இறங்கினால் மற்றவர்களுக்கு நேரம் இருக்காது.

கல்கிசை: நாய்க்குட்டி லேசாகக் கடித்தது...

மேலே படியுங்கள். இன்று இது மூன்றாவது தரம். படிக்கும் முன் கழுவுங்கள்.

புறக்கோட்டை, கடை ஊழியர்: எங்க கடை மொட்டை மாடியில முந்தாநாள் ஒரு காகம், இன்னிக்கு ரெண்டு செத்துக் கிடந்துச்சு. முதலாளி குப்பையில போடச் சொன்னார். இதெல்லாம் யாருகிட்ட சொல்றது?

தம்பி, கேட்டது நல்லது. பெரும்பாலும் எலிமருந்தாகவோ கரண்டாகவோ இருக்கும். ஆனாலும் வெறுங்கையால் தொடவேண்டாம். ஒரு பொலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, இன்னொரு பையில் போட்டுக் கட்டி நிழலில் வையுங்கள். எத்தனை காகம், எந்த நாள், எந்த இடம் என்று எழுதி, படமும் எடுங்கள். நாளைக் காலை உங்கள் பகுதிப் பி.எச்.ஐ.க்கு ஒரு போன், மாநகரசபை மிருக வைத்தியருக்கு ஒரு போன். ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று நினைக்காதீர்கள். கடையில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் இருவருக்கும் அதையும் சொல்லுங்கள்.