மோட்டார் வச்ச ரோடு சைக்கிள்: கேளுங்க, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்

முதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி. கோவை வடவள்ளிப் பக்கம் வீடு, பஞ்சாலையில எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் வேலை, வயசு 52. நாலு வருஷமா எலக்ட்ரிக் ரோடு பைக் ஓட்டறேன், அதாவது மிதிக்கும்போது மோட்டாரும் கூட உதவற, மெல்லிய டயர் வச்ச வேக சைக்கிள். பின் சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்புக்குள்ள 250 வாட் மோட்டார், ஃபிரேமோட கீழ்க் குழாய்க்குள்ள 250 வாட்-ஹவர் பேட்டரி (250 வாட்டை ஒரு மணி நேரம் குடுக்கற கொள்ளளவு). எடை 13 கிலோ சொச்சம். தூரத்துல பார்த்தா சாதா ரோடு பைக்தான். 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. டயர், செயின், பிரேக் பேட் எல்லாம் நானே மாத்தறேன். மோட்டாரை மட்டும் இன்னும் பிரிச்சதில்லை. வந்த கேள்விகளுக்கு வரிசையா பதில் சொல்றேன்.

சேலம்: அண்ணா, எனக்கு 27 வயசு. சாதா ரோடு பைக்லயே பிளாட்ல 30-ல போறேன். இ-ரோடு பைக் வாங்கினா 40-ல போகலாமா?

போக முடியாது தம்பி. 25-ஐத் தொட்டதும் மோட்டார் ஒதுங்கிடும், அதுக்கு மேல உன் காலுதான். உன் இப்போதைய வண்டி 8, 9 கிலோ இருக்கும். இதுல 13 கிலோவை மிதிக்கணும், பிளாட்ல நஷ்டம்தான். நம்ம மோட்டார் வாகன விதிப்படி 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருந்தா அது சைக்கிள் கணக்கு. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். ஐரோப்பாவிலும் இதே 250, இதே 25. நாம வாங்கற வண்டியெல்லாம் அந்த அளவுக்கு வெட்டித் தைச்சதுதான்.

ஆனா உனக்கு ஏற்காடு பக்கத்துலயே இருக்கு. இருபது கொண்டை ஊசி வளைவையும் வாரம் ரெண்டு தடவை ஏறி இறங்கணும், ஆபீசுக்கும் நேரத்துக்குப் போகணும்னா வாங்கு. ஏத்தத்துல நீ 11, 12-ல போற இடத்துல இது 17, 18-ல போகும். 25-ங்கிற கதவு அங்க குறுக்கே வராது. மேடு ஏறத்தான் இந்த வண்டி.

கோவை: ஐயா, வயது 61. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற ஆசை. 250 வாட்-ஹவர் பேட்டரி தாங்குமா? முழங்கால் வலியும் உண்டு.

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே சொல்றேங்க, ஏன்னா நான் இதுல ஒரு தடவை ஏமாந்தவன்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி 1,790-ஐ ஒட்டி. ஏற வேண்டியது 1,450 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, தூரம் 33 கிலோமீட்டர் சுமாருக்கு. நீங்க, வண்டி, தண்ணி பாட்டில் எல்லாம் சேர்ந்து 90 கிலோன்னு வைங்க. அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 356 வாட்-ஹவர் வேணும். டயர் உருள, காத்தைக் கிழிக்க ஒரு 70 சேர்த்தா 425 கிட்ட வருது. 250 பேட்டரியில சூடா வீணாகறது போக சக்கரத்துக்கு வந்து சேர்றது 200 இருக்கும். மிச்சம் 225 உங்க காலு குடுக்கணும். ரெண்டரை மணி நேரம் எடுத்துக்கிட்டா சராசரி 90 வாட். பிளாட்ல எதிர்காத்து இல்லாம 22-ல மிதிக்கற உழைப்புதான் அது, ஆனா ரெண்டரை மணி நேரம் விடாம.

ஆக, தாங்கும். ஆனா மோட்டாரைச் சிக்கனமா விடணும். முதல் தடவை நான் அடிவாரத்துலயே முழு உதவியில போட்டேன். ஆஹா, பறந்தேன். குஞ்சப்பனை தாண்டிக் கொஞ்ச தூரத்துல லைட் சிவப்பாச்சு, அப்புறம் ஒண்ணுமில்லை. மிச்சத்தை 13 கிலோ வண்டியில மூச்சு வாங்கி ஏறி, ஒரு டீக்கடையில சார்ஜர் இல்லாம உக்காந்திருந்தேன். இப்ப பிளாட்ல மோட்டாரை அணைச்சே போறேன். ஏத்தத்துல குறைஞ்ச உதவி, ரொம்ப செங்குத்தான இடத்துல மட்டும் நடு அளவு. மேல போய்ச் சேரும்போது கால்வாசி மிஞ்சுது.

முழங்காலுக்கு முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. வண்டிப் பக்கம் நான் சொல்ல முடிஞ்சது: பின் சக்கரத்துப் பல் சக்கர அடுக்கு இருக்கே, கேசட், அதுல பெரிய சக்கரத்துக்கு 34 பல்லுக்குக் குறையாததாப் போடுங்க, நிமிஷத்துக்கு 75, 80 சுத்து மிதிங்க. மோட்டார் இருக்கேன்னு கனமான கியர்ல அழுத்தினா முட்டிதான் வாங்கும். சீட் உயரத்தையும் ஒரு தடவை சரி பார்த்துடுங்க, பாதி முட்டி வலி அங்கேதான் இருக்கும்.

சென்னை: பேட்டரி எத்தனை வருஷம் வரும்? இங்கே வெயில், அடிக்கடி கரண்ட் கட். வீடு ஈ.சி.ஆர். ஓரம்.

பேட்டரியைக் கொல்றது ரெண்டு: சூடு, எப்பவும் நிரம்பியே நிக்கறது. 36 வோல்ட் பேட்டரிக்குள்ள பத்து செல் வரிசையா இருக்கு. நிரம்பினா ஒவ்வொண்ணும் 4.2, மொத்தம் 42 வோல்ட். அந்த அழுத்தத்துல வெயில்ல நின்னா செல்லுக்குள்ள ரசாயனம் தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும். நாளைக்குக் காலையில ஓட்டறதா இருந்தா இன்னிக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நிரப்புங்க, முடிஞ்சதும் பிடுங்கிடுங்க. ஒரு வாரம் ஓட்டலைன்னா பாதியில விட்டு வைங்க. பூட்டின கார்ல வச்சுட்டு சித்திரை வெயில்ல கல்யாணத்துக்குப் போகாதீங்க. உள்ள 60 டிகிரி தாண்டும்.

ஓட்டிட்டு வந்த உடனே சார்ஜ்ல போடாதீங்க, அரை மணி ஆறட்டும். சார்ஜ் ஏத்தறதுக்கு மேல் வரம்பு பொதுவா 45 டிகிரி.

முழுசா ஒரு 500 சார்ஜ் சுத்து வரைக்கும் நல்லா இருக்கும், அதுக்கப்புறம் கொள்ளளவு 80 சதவீதம் பக்கம் வரும்னு பொதுவா எதிர்பார்க்கலாம். பாதி பாதியா ரெண்டு தடவை ஏத்தினா ஒரு சுத்து கணக்கு. அதனால பாதியில செருகினா கெட்டுப் போகுங்கறதெல்லாம் பழைய நோக்கியா காலத்துப் பேச்சு. கரண்ட் போனா பிரச்சினை இல்லை, திரும்ப வரும்போது வர்ற துள்ளல்தான் சார்ஜரைத் தின்னும். ஒரு நல்ல ஸ்பைக் கார்டு போடுங்க. செலவு எவ்வளவுன்னு அடுத்து கேப்பீங்க: ஒரு தடவைக்கு 0.3 யூனிட். ரெண்டு ரூபாய் சொச்சம்.

கடல் காத்துக்கு: கனெக்டர், போல்ட் எல்லாத்துலயும் உப்பு பூக்கும். ஈரத்துணியால துடைச்சு, கனெக்டரோட ரப்பர் ஓரத்துல துளி டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத கிரீஸ்) தடவுங்க. வெட்டவெளிப் பால்கனியில நிறுத்த வேண்டாம்.

மதுரை: ஹப் மோட்டார்னா பஞ்சர் ஆனா அம்போவாமே, உண்மையா?

அம்போ இல்லை, பத்து நிமிஷம் கூடுதல். சீமைக்கருவேல முள்ளு இல்லாத ரோடு நம்ம ஊர்ல ஏது? அதனால வீட்டுலயே ஒரு தடவை கழட்டிப் பழகிக்குங்க.

முதல்ல வண்டியை அணைக்கணும். செயின்ஸ்டே (பெடல்கிட்ட இருந்து பின் சக்கரத்துக்குப் போற ஃபிரேம் குழாய்) ஓரமா மோட்டார் வயர் வந்து ஒரு கனெக்டர்ல சேரும், கட்டை விரல் தடிமன்ல இருக்கும். உத்துப் பாருங்க, ரெண்டு பக்கமும் பொடிசா அம்புக்குறி இருக்கும். திருகாம நேரா இழுங்க. அப்புறம் அச்சு நட்டு. நட்டுக்கு உள் பக்கம் மூக்கு வச்ச ஒரு வாஷர் இருக்கும், அது எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருக்குன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. சக்கரம் சுத்தும்போது அச்சு எதிர்ப் பக்கம் சுத்தாம பிடிக்கறது அந்த மூக்குதான். திருப்பி மாட்டினா வயரே முறுக்கிக்கும். மாட்டும்போது அம்பும் அம்பும் நேருக்கு நேர் வந்தாத்தான் தள்ளணும். அவசரத்துல குத்துமதிப்பா அமுக்கி ஒரு பின்னை வளைச்சவன் நான். ஊசி முனையால நிமிர்த்தறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு.

அந்த நட்டுக்கு ஸ்பேனர் இல்லாம வெளிய போகாதீங்க, சாதா மல்டி டூல்ல அந்த சைஸ் வராது. முடிஞ்சா டியூப்லெஸ் போடுங்க, முள்ளு குத்தின ஓட்டையை டயருக்குள்ள ஊத்தற சீலண்ட் திரவமே அடைச்சுடும். ஆனா நம்ம சூட்டுக்கு ரெண்டு, மூணு மாசத்துல அது காஞ்சு தோலாயிடும், ஊத்திக்கிட்டே இருக்கணும்.

திருப்பூர்: ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விடலாமுங்களா?

வேண்டாமுங்க. மழையில ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது. பிரஷர் கன் வேற விஷயம், ரப்பர் சீல்களைத் தாண்டித் தண்ணி உள்ள போயிடும். பக்கெட், ஸ்பாஞ்ச், ஷாம்பூ போதும். பிரேக் டிஸ்க்குல டபிள்யூ.டி-40 எண்ணெய் ஸ்பிரே படாம பார்த்துக்குங்க.

பூஜைன்னதும் ஞாபகம் வருது. போன வருஷம் எம் பொண்ணு எல்லா இடத்துலயும் பொட்டு வச்சா. பெடலுக்கு மேல இருக்கற சார்ஜிங் போர்ட் மூடி திறந்திருக்க, அதுக்குள்ளயும் ஒரு சந்தனப் பொட்டு. மறுநாள் சார்ஜரைச் செருகினா உடனே பச்சை. பேட்டரி நிரம்பிடுச்சோன்னு பார்த்தா முப்பது சதவீதம். அரை நாள் சார்ஜரைத் திட்டிட்டு, டார்ச் அடிச்சுப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சது. பல்குத்தும் குச்சியும் கான்டாக்ட் கிளீனரும் போட்டுச் சுரண்டி எடுத்தேன். செருகின உடனே சார்ஜர் பச்சை காட்டினா, முதல்ல போர்ட்டைப் பாருங்க.

ஈரோடு: பேட்டரி தேஞ்சுபோச்சு. கம்பெனி பேட்டரி விலை மலைக்க வைக்குது. உள்ளூர்ல செல் மாத்தித் தர்றேங்கறாங்க, செய்யலாமா?

செஞ்சு கையைச் சுட்டுக்கிட்டேன். என்கிட்ட முன்னாடி இருந்த வேற ஒரு எலக்ட்ரிக் சைக்கிளுக்கு (ரோடு பைக் இல்லை) ஒரு கடையில செல் மாத்தினேன். செல் உறையில கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர்-ஹவர்னு அச்சடிச்சிருந்துச்சு. மீட்டர் வச்சு வடிச்சுப் பார்த்தா 1,900-ஐத் தாண்டலை. மூணு மாசத்துல ஒரு வரிசை மட்டும் தாழ்ந்துபோய், ஏத்தத்துல அணைய ஆரம்பிச்சுது.

ரோடு பைக் பேட்டரி இன்னும் நுணுக்கம். குழாய்க்குள்ள போற அளவுக்கு ஒல்லியாக் கட்டினது, சூடு பார்க்கற சென்சார் செல்லோட ஒட்டி இருக்கும். சில பேட்டரிகள்ல செல்லைப் பிரிச்சாலே பி.எம்.எஸ். (பேட்டரியைக் காவல் காக்கற சர்க்யூட்) பூட்டிக்கும். வெல்டு சரியில்லைன்னா தீ அபாயம் நிஜம். என் அபிப்பிராயம், காசு சேர்த்து ஒரிஜினல் வாங்குங்க. அதுவரைக்கும் குறைஞ்ச தூரம் ஓட்டுங்க. உப்பல், வாடை, கை வைக்க முடியாத சூடு, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் சார்ஜ் போடக்கூடாது. எந்தப் பேட்டரியானாலும் வீட்டு வாசலை மறிச்சு வச்சு சார்ஜ் பண்ணாதீங்க, ராத்திரி தூங்கும்போதும் வேண்டாம்.

டொராண்டோ: அண்ணை, இங்க வாங்கின சைக்கிளை யாழ்ப்பாணம் போகேக்க பிளேனில கொண்டுபோகலாமோ? பனிக்காலத்தில எப்பிடி வைக்கிறது?

பேட்டரியோட முடியாதுங்க. பயணிகள் விமானத்துல 160 வாட்-ஹவருக்கு மேல லித்தியம் பேட்டரி ஏத்த மாட்டாங்க. 100-க்கு மேல போனாலே விமானக் கம்பெனி அனுமதி வேணும். உங்களது 250-க்குக் குறையாது. பேட்டரியைக் கழட்டிட்டு வண்டியை மட்டும் கொண்டுபோனா, அது கனமான சாதா சைக்கிள். பனிக்காலத்துக்கு பாதி சார்ஜ்ல வீட்டுக்குள்ள வைங்க, மாசம் ஒரு தடவை அளவு பாருங்க. வெளிய உறைஞ்சு கிடந்த பேட்டரியை உடனே சார்ஜ்ல போடாதீங்க. பூஜ்யத்துக்குக் கீழ ஏத்தினா செல்லுக்குள்ள லித்தியம் படிஞ்சுடும், அப்புறம் திரும்பாது.

சிங்கப்பூர்: இங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

இறக்குமதி பண்றதுக்கு முன்னாடி எடையும் அனுமதியும். 250 வாட், 25 கிலோமீட்டர், 20 கிலோவுக்குள்ள, ஆக்சிலரேட்டர் இருக்கவே கூடாது. போக்குவரத்துத் துறையோட (எல்.டி.ஏ.) ஆரஞ்சு அனுமதி சீல் ஒட்டி, பதிவு எண் பலகையோட இருக்கணும். 2022 ஜனவரியில இருந்து ஓட்டறவங்க ஆன்லைன் தேர்வும் எழுதணும். ரோடு பைக் எடையில தப்பிச்சுடும், சீல் இல்லாததுலதான் மாட்டும்.

பெங்களூரு: அண்ணா, ஹப் மோட்டாரா, பெடல்கிட்ட வர்ற மிட் டிரைவா? நான் நந்தி மலை ஏறுவேன்.

செங்குத்து ஏத்தம் முக்கியம்னா மிட் டிரைவ்மா. மோட்டார் உன் கியரையே பயன்படுத்திக்கும், நீ மெதுவா போனாலும் அது வேகமா சுத்தும். ஹப் மோட்டார் 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழ திணறும், சூடாகும். ஆனா மிட் டிரைவ்ல உன் பலமும் மோட்டார் பலமும் ஒரே செயின்ல போறதால செயின் சீக்கிரம் தேயும். பன்னிரண்டு முழுக் கண்ணி புதுசுல 304.8 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லி கூடினா மாத்திடு, இல்லைன்னா கேசட்டையும் சேர்த்துத் தின்னுடும். பின் சக்கரம் கழட்டறது மிட் டிரைவ்ல சாதா சைக்கிள் மாதிரியே.

நாகர்கோவில்: இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஏறுமா?

ரோடு பைக்ல வர்ற சின்ன ஹப் மோட்டார்ல ஏறாது. உள்ள கிளட்ச் இருக்கு, மிதிக்காதப்போ மோட்டார் சும்மா கிடக்கும். அதனாலதான் 25-க்கு மேல இழுவை தெரியறதில்லை. மேல கோத்தகிரிக்குப் போட்ட கணக்கை நினைச்சுப் பாருங்க, ஏத்தின 356 வாட்-ஹவரும் இறங்கும்போது காத்துக்கும் பிரேக்குக்கும்தான் போயாகணும். விடாம லேசாப் பிடிச்சுக்கிட்டே வந்தா டிஸ்க் நீலம் பாஞ்சுடும். வளைவுக்கு முன்னாடி ரெண்டையும் நல்லாப் பிடிச்சு, வளைஞ்சதும் விட்டுடுங்க, ஆறட்டும். பிரேக் பேட்ல தேயற பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்தா மாத்துங்க. மலைக்குப் போற வாரம் அதைப் பார்க்காம கிளம்பாதீங்க.

மறுபடி மதுரை: அண்ணே, நீங்க சொன்னபடி இன்னிக்குக் கழட்டி மாட்டினேன். வண்டி ஆன் ஆகுது, மோட்டார் மட்டும் வரலை!

கனெக்டர் முழுசா உள்ள போயிருக்காது. பாதியில நின்னாலும் லைட் எரியும், மோட்டார் வராது. அணைச்சுட்டு, அம்பைப் பார்த்து, ரெண்டு பக்கமும் இடைவெளி இல்லாம ஒட்டற வரைக்கும் அமுக்குங்க. அப்பவும் வரலைன்னா பின்னைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்க்கலாம்.