நெடும்பயண வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொலைதூரப் பயணத்துக்கு மோட்டார் சைக்கிளைத் தயார் செய்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: என்னிடம் பத்து ஆண்டுப் பழைய 150 சிசி வண்டி, கார்புரேட்டர் வைத்தது, இருக்கிறது. நம் நான்குவழிச் சாலையைப் பிடித்து ஸ்ரீநகர் வரை போய், அங்கிருந்து லடாக் செல்ல ஆசை. முன்பக்கம் 21 அங்குலச் சக்கரம், பெரிய டேங்க், பின்சேஸிஸை வெட்டி நீட்டுவது என எல்லாவற்றுக்கும் ஒரு பட்டறையில் எழுபதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா ஐயா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: செய்ய வேண்டாம். தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து பதிவுச் சான்றின் விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சேஸிஸை வெட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடக் கூடும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்த்தாலும் அது ஒத்துவரவில்லை. உங்கள் வண்டியில் இப்போது 17 அங்குல ரிம்மும் 2.75 அங்குல டயரும் இருக்குமானால் முன்சக்கரத்தின் மொத்த உயரம் ஏறத்தாழ 57 சென்டிமீட்டர். 21 அங்குல ரிம்மில் 90/90 அளவு டயர் போட்டால் அது 69 சென்டிமீட்டரைத் தாண்டும். அதாவது அச்சு ஆறு சென்டிமீட்டர் மேலே போகும். அதனால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரண்டரை பாகை அளவுக்குப் பின்னால் சாய்ந்து, ஹேண்டில்பார் சோம்பல் பிடித்ததுபோலத் தாமதமாகத் திரும்பும், மட்கார்டு இடிக்கும், டிஸ்க் பிரேக்கின் பிடிப்பானுக்குப் புதிதாகத் தாங்கி செய்ய வேண்டி வரும். முன்சக்கரத்திலிருந்து ஓடும் ஸ்பீடோமீட்டராக இருந்தால், முள் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 60இல் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றை மாற்றப் போய் ஐந்தை மாற்றுகிற கதை இது.

பெரிய டேங்கும் தேவையில்லை. மணாலி வழியாகத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம்: தாண்டி என்ற ஊரில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று எழுதியிருந்த பலகை பயணிகளிடையே பெயர் பெற்றது. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்று குறைத்தே போட்டாலும் 12 லிட்டர் டேங்க் 480 கிலோமீட்டர் இழுக்கும். மலையேற்றத்துக்கும் சுற்றுவழிக்கும் சேர்த்து ஐந்து லிட்டர் கேன் ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டால் கூடும் எடை நான்கு கிலோவுக்குள்தான்.

உங்களுக்கு உண்மையில் சிரமம் கொடுக்கப்போவது கார்புரேட்டர். லடாக்கில் 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கார்தூங் லா கணவாயில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. பெட்ரோல் அதே அளவில் இறங்க, காற்று மட்டும் குறைவதால் எஞ்சின் மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை இரண்டு அளவு சிறியதாக வாங்கி, அதை மாற்றிப் போடும் வித்தையை இங்கேயே மெக்கானிக் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். எழுபதாயிரம் செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால், இந்த வண்டியை விற்று அந்தப் பணத்தோடு சேர்த்து, 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411ஐயோ 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200ஐயோ செகண்ட் ஹேண்டில் பாருங்கள். 21 அங்குலச் சக்கரம் இரண்டிலும் பிறவியிலேயே இருக்கிறது.

கேள்வி: எக்ஸ்பல்ஸ் 200 வாங்கியிருக்கிறேன். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். நிறுத்தும்போது நுனிக்கால்தான் எட்டுகிறது. பின் சஸ்பென்ஷனில் வேறு இணைப்புத் தகடு போட்டு வண்டியை இறக்கிவிடலாம் என்கிறார்கள். சரியா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்த வண்டியின் இருக்கை உயரம் 823 மில்லிமீட்டர், உங்கள் உயரத்துக்கு அது அதிகம்தான். ஆனால் பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் மேலே அம்பாசமுத்திரத்துக்காரருக்குச் சொன்ன, ஃபோர்க் பின்னால் சாயும் அதே கோளாறு வேறு வழியில் வந்து சேரும். சைடு ஸ்டாண்டும் நீளமாகிப் போகும். வண்டி போதிய அளவு சாயாமல் நிமிர்ந்து நிற்கும். பெட்டியில் சுமை இருக்கும்போது கொஞ்சம் காற்றடித்தால் போதும், மறுபக்கம் விழுந்துவிடும்.

முதலில் இருக்கையின் பஞ்சைக் கவனியுங்கள். நல்ல சீட் தைப்பவரிடம் கொடுத்து, உட்காரும் இடத்தில் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் குறைத்து, முன்பகுதியின் இரு ஓரங்களையும் ஒடுக்கச் சொல்லுங்கள்; தொடை அகலாமல் கால் நேராக இறங்குவதால் எட்டும் தூரம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கூடும். அடுத்து, நீங்கள் சாமான்களோடு ஏறி உட்காரும்போது சஸ்பென்ஷன் தன்னால் அமிழக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிழ வேண்டும். உங்கள் எடை குறைவாக இருந்தால் ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கும் வளையத்தைச் சற்றுத் தளர்த்தினாலே வண்டி தானாக இறங்கும்.

கேள்வி: இரண்டு பக்கமும் பெட்டி மாட்டக் கேரியர் செய்ய நினைக்கிறேன். அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, சாதாரண இரும்புக் குழாயா? வெல்டு விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், வள்ளியூர்

பதில்: சாதாரண எம்.எஸ். குழாய்தான். முக்கால் அங்குலத்தில், 16 கேஜ் கனம் போதும். காரணம் விலையன்று. அலுமினியம் முறிந்தால் ஆர்கன் வெல்டிங் இருக்கும் ஊரைத் தேடி அலைய வேண்டும். இரும்பு முறிந்தால் ஜன்னல் கம்பி செய்யும் எந்தக் கிரில் பட்டறையிலும் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இதை நான் பட்டறிவால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம், முழுச் சுமையோடு கன்னியாகுமரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் பற்றி வள்ளியூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைக் கடக்கும்போது இரண்டு பெட்டிகளையும் யாரோ பிடித்துத் திருகுவதுபோல இருந்தது. பணகுடியை நெருங்குகையில் பின்னால் டக், டக் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது பக்கக் குழாயில், பெயின்டுக்கு நடுவே, தலைமுடி கனத்தில் துருநிறக் கோடு ஒன்று. கையால் பெட்டியைத் தூக்கினால் அந்தக் கோடு வாய் திறந்து மூடியது. என் கேரியரை வெல்டு செய்தவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே ஒரு கிரில் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "வெல்டுல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி, அதுக்குப் பக்கத்துலதான் பைப்பு வாய் பொளந்திருக்கு" என்றார். உண்மைதான். வெல்டின் சூடு பட்ட ஓரத்தில்தான் உலோகத்தின் இயல்பு மாறி, அதிர்வுக்கு முதலில் விட்டுக்கொடுக்கும். தவறு வெல்டரிடம் இல்லை. அந்த இடத்தில் வெல்டு வைக்கச் சொன்ன என்னிடம் இருந்தது.

ஆகவே கேரியரை வண்டியின் சேஸிஸோடு வெல்டு செய்யாதீர்கள். தயாரிப்பாளர் ஏற்கெனவே துளை விட்டிருக்கும் இடங்களில் போல்ட்டும் அதிர்வில் தளராத நைலாக் நட்டும் போட்டு முடுக்குங்கள். பெட்டிகள் ஆடுவதைத் தடுக்க இடப்பக்கக் கேரியரையும் வலப்பக்கக் கேரியரையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் குழாயால் இணையுங்கள். என் பழைய கேரியரில் இல்லாமல்போனது இதுதான். குழாய் குழாயைத் தொடும் இடத்தில் முனையை மீன்வாய்போல அரத்தால் தேய்த்துப் பொருத்திய பிறகே வெல்டு வைக்க வேண்டும். இடைவெளியை வெல்டால் நிரப்பினால் அது சீக்கிரம் விட்டுப்போகும்.

பெட்டியைப் பின்அச்சுக்குப் பின்னால் தள்ளாமல், எவ்வளவு முன்னால் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவாருங்கள். பின்அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 20 கிலோ வைத்தால், முன்சக்கரத்தின் மேலிருந்து நான்கு கிலோ குறைந்து, பின்சக்கரம் 24 கிலோ சுமக்கும். பள்ளத்தில் விழும்போது அந்தச் சுமை மும்மடங்காகும். ஒரு கூடுதல் எச்சரிக்கை: வழியில் எங்கேயாவது வண்டியிலேயே வைத்து வெல்டு செய்ய நேர்ந்தால், பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈ.சி.யு.வின் இணைப்பையும் உருவிவிடுங்கள். வெல்டிங் மின்சாரம் அதற்குள் போய்விட்டால் கேரியரை ஒட்டிய கூலியைப்போலப் பல மடங்கு செலவாகும்.

கேள்வி: ஆரியங்காவு வழியாக அடிக்கடி இரவில் போகிறேன். 40 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு மாட்டலாமா?
— வாசகர், தென்காசி

பதில்: இரண்டும் சேர்ந்து 80 வாட்; 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட ஏழு ஆம்பியர். இதை ஹெட்லைட் வயரிலிருந்து ஒட்டுப்போட்டு எடுக்காமல், பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே வழியாகத் தனி வயரில் கொண்டுபோங்கள். மாட்டிய பிறகு எல்லா விளக்கையும் எரியவிட்டு, ஓட்டும் வேகத்துக்கு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வையுங்கள், 13.5 வோல்ட்டுக்குமேல் காட்டினால் கவலையில்லை, 13க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். சாரலும் மூடுபனியும் உள்ள நாளில் உயரத்தில் மாட்டிய வெள்ளை வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்வாக, மஞ்சள் நிறத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: மணலில் ஓட்டிப் பழகத் தேரிக்காடு ஏற்றதா? டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம்?
— வாசகர், திசையன்விளை

பதில்: காப்புக்காட்டுக்குள் வண்டியை ஏற்றாதீர்கள், அதற்கு வெளியே, ஊர்க்காரர்கள் நடக்கும் செம்மண் தடங்களே பழகுவதற்குப் போதும். டியூப் டயராக இருந்தால் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் ரிம்முக்குள் டயர் வழுக்கி, டியூபின் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். தார்ச்சாலையில் ஏறும் முன் மறுபடி அடித்துக்கொள்ள ஒரு சைக்கிள் பம்பு கையில் இருக்கட்டும். வீடு திரும்பிய அன்றே ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தேரி மணல் மிக நைசானது, ஃபில்டர் முழுவதும் செங்கல் பொடியைத் தூவியதுபோல இருந்தால் கழுவாமல் மறுநாள் வண்டியை எடுக்காதீர்கள்.