செட்டிநாட்டு உட்கிராமங்களில் மூன்று நாள்

கேள்வி: கோடை விடுமுறையில் எழுபது வயதான என் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கோயம்புத்தூரிலிருந்து செட்டிநாட்டுக் கிராமங்களைப் பார்க்க மூன்று நாள் பயணமாக வர விரும்புகிறேன். பேருந்திலேயே சுற்ற முடியுமா? பெரிய வீடுகளுக்குள் போய்ப் பார்க்க விடுவார்களா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் மாதத்தை மாற்றுங்கள். செம்புறை மண்ணும் கருவேலங்காடுமாக விரிந்து கிடக்கும் வறண்ட பூமி இது. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே கடையோ நிழலோ இல்லாத சாலைகள் பல உண்டு என்பதால், அக்னி நட்சத்திர வெயிலில் அம்மாவை அழைத்து வருவது அவரை வதைப்பதாகவே முடியும். அரையாண்டு விடுமுறையில் வாருங்கள். மழை ஓய்ந்து ஊருணிகளிலும் கண்மாய்களிலும் தண்ணீர் நிற்கும். வேட்டங்குடி சரணாலயத்தைச் சேர்ந்த கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும். அவை மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிக்காத ஊர் அது என்பதைப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

பேருந்தை மட்டும் நம்ப வேண்டாம். காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் வண்டிகள் அடிக்கடி ஓடினாலும், உட்கிராமங்களுக்குச் செல்பவை சொற்பம். ஒன்றைத் தவறவிட்டால் பாதி நாள் போய்விடும். காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ தங்கி, வழி தெரிந்த உள்ளூர் ஓட்டுநருடன் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால் பிள்ளையார்பட்டியையும் வைரவன்பட்டியையும் காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் அம்மாவை ஓய்வெடுக்க வையுங்கள். 1687-இல் கட்டப்பட்ட திருமயம் கோட்டைக்கு வெயில் ஏறுமுன் பிள்ளைகளை மட்டும் அனுப்பலாம். அம்மா அடிவாரத்துக் குடைவரைக் கோயில்களில் இருக்கட்டும்.

வீடுகளைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் முக்கியம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் இந்த வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். அவர்கள் வெளியூர்களில் இருக்க, சாவி வைத்திருக்கும் காவலாளி தம் விருப்பப்படி கதவைத் திறந்துவிட முடியாது. ஆகவே அவரை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் தங்கும் விடுதியார் மூலம் முன்கூட்டியே உரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகளும் சில உண்டு. கல்யாணத்துக்காகத் திறந்திருக்கும் வீட்டுக்குள் கேமராவோடு நுழைவது எவ்வகையிலும் முறையன்று.

அனுமதி கிடைப்பது ஒரே வீடானாலும் போதும். அதில் ஒரு மணி நேரமாவது நின்று பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்துப் பூசிய சுவரைப் பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும். அந்த வழுவழுப்பும் குளிர்ச்சியும் புகைப்படத்தில் வராது. பிறகு ஆத்தங்குடிக்குப் போனால், கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கையால் ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பார்க்கலாம். சூளையில் வைக்காமல், தண்ணீரில் ஊறவைத்தே அதை இறுக வைக்கிறார்கள்.

குடிநீர், பெட்ரோல், அம்மாவின் மருந்துகள் மூன்றையும் ஒவ்வொரு நாளும் காரைக்குடியிலேயே சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.