மூன்று இரவு நாடகம் பார்த்துவிட்டு வந்தேன், அழுகை நிற்கவில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு 52 வயது. கல்யாணமாகித் திருப்பூர் வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம். 1990இலிருந்து 1993 வரை மதுரை மீனாட்சி கல்லூரியில் படித்தேன். ஹாஸ்டலில் ஒரே அறையில் நால்வர் இருந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட வழக்கமே இல்லை. மேலூர்க்காரி, தேனிக்காரி, சோழவந்தான்காரி, நான் உசிலம்பட்டிக்காரி. இன்று வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான்.

வைகாசியில் மேலூர்க்காரி தன் ஊர்த் திருவிழா நாடக நோட்டீஸைக் குழுவில் போட்டு, "வர்றீங்களாடி?" என்று கேட்டாள். அக்கம்பக்கத்து ஊர்களிலும் அதே வாரம் நாடகம் இருந்தது. வீட்டில் 84 வயது மாமியார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். நாத்தனார் நான்கு நாள் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் நம்பவே முடியவில்லை. கிளம்பிவிட்டேன்.

டவுன் ஹால் ரோட்டில் அறை போட்டோம். பகலில் தூக்கம், சாயங்காலம் விளக்குத்தூணில் ஜிகர்தண்டா, இருட்டியதும் வாடகை வண்டியில் நாடகத்துக்கு. முதல் இரவு வள்ளி திருமணம். பத்து மணிக்குப் பபூன் வந்தார், வள்ளி மேடையேறும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஹார்மோனியம் எடுத்ததுமே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் பவளக்கொடி, மூன்றாம் நாள் அரிச்சந்திர மயான காண்டம். விடிய விடிய மண் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். முதுகு வலி ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு குறை. சோழவந்தான்காரிதான் எனக்கு உயிர். ஹாஸ்டல் மொட்டை மாடியில் நான் நாரதர், அவள் வள்ளி. கேசட் கேட்டு மனப்பாடம் பண்ணின தர்க்கத்தை, அதாவது நாரதரும் வள்ளியும் வாதாடும் பாட்டை, இருவரும் பாடுவோம், மற்ற அறைப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இந்த முறை வண்டியில் போகும்போது ஓர் அடியை எடுத்துவிட்டேன். அவள் சிரித்ததோடு சரி. இரண்டாம் இரவு முழுக்கப் போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயான காண்டத்தில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனைப் பாம்பு தீண்டியதும் எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். கேட்டதற்குத் தலைவலி என்றாள். வெளிநாட்டில் இருக்கும் அவள் மகன் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை என்று மேலூர்க்காரி முன்பே சொல்லியிருந்தாள். சந்தோஷமாக இருக்க வந்த இடத்தில் எதற்கு என்று நாங்கள் அதை எடுக்கவில்லை. ஆரப்பாளையத்தில் நான் பஸ் ஏறும்போதுகூட "சரிடி, பாத்துப் போ" என்று முடித்துக்கொண்டாள். அவள் மனசில் நான் இல்லையோ என்று நினைத்துக்கொண்டே திருப்பூர் வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் நாத்தனார், "அம்மாவுக்குப் போடுற பவுடர் தீந்துபோச்சு" என்றார். பனியன் தைக்கும் பவர் டேபிள் யூனிட்டிலிருந்து வந்த கணவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். எப்படி இருந்தது என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பன்னிரண்டு நாளாகிறது. சமையல்கட்டில் நின்றால் அழுகை வருகிறது. போனில் எடுத்த ஹார்மோனியத்தை மெதுவாக வைத்துக் கேட்கிறேன். முந்தாநாள் மாமியார் முன்னால் தட்டை டொம்மென்று வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா? போகாமலே இருந்திருக்கலாமோ?

– உசிலம்பட்டிக்காரி, திருப்பூர்

---

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போனது நல்லது. மதுரைக்காரியாகவும் சொல்கிறேன், ஆலோசகராகவும் சொல்கிறேன். நாடகம் நடக்கும் பொட்டலில் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தவர்களைக் கவனித்திருப்பீர்கள். அறுபது, எழுபது வயது அம்மாக்கள்தான் வெற்றிலையை மென்றுகொண்டு பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருப்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் எழுதிய பாட்டுகள் நூறு வருஷம் தாண்டியும் அந்த அம்மாக்களின் வாயில் இருக்கின்றன. அங்கே 52 சின்ன வயது.

அடுத்து உடம்பு. மூன்று இரவு தொடர்ந்து விழித்திருக்கிறீர்கள். பகல் தூக்கம் அதை முழுதாக ஈடுகட்டாது. தூக்கம் கெட்டால் கண்ணீரும் கோபமும் தொட்டதற்கெல்லாம் வரும். மாதவிலக்கு நிற்கிற வயதில் அது இன்னும் கூடலாம். அந்தத் தட்டுச் சத்தத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. மாமியாரிடம் "அன்னைக்கு அசதியில வச்சுட்டேன் அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவருக்கும் அந்தப் பார்வை பாரமாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்ததும் மனசு இறங்குவது பலருக்கும் நடக்கிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் விடுமுறைப் பயணம் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். கிளம்புவதற்கு முன்னால், போகப் போகிறோம் என்ற நினைப்பிலேயே பயணம் போகிறவர்கள் கூடுதல் சந்தோஷத்தோடு இருந்தார்கள். திரும்பிய பிறகு பெரும்பாலோருக்கும் ஊருக்குப் போகாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் சந்தோஷம் வடிந்துவிட்டதை வைத்து, போனதே தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் இன்னும் சில நாளில் இந்த அழுகை குறையாவிட்டால், அல்லது தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமே இல்லாமல் போனால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

இனி வீடு. நீங்கள் வாய் கொள்ளாமல் கதை கொண்டுவந்தீர்கள், கேட்க அங்கே காது இல்லை. இது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. கணவர் கேட்காதது உண்மை. நீங்களும் சொல்லவில்லை என்று தெரிகிறது. பன்னிரண்டு நாளாக அந்த ஹார்மோனியத்தை ஒளித்து வைத்துக் கேட்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வையுங்கள். "இதைக் கேட்டதும் நான் அழுதேன்" என்று சொல்லுங்கள். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வாழ்க்கையில் இப்படி ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும். நாத்தனாரை நான்கு நாள் வரவழைக்க முடிந்தது அல்லவா? மாதம் ஒரு நாள் வரச் சொல்லிக் கேட்க அதுவே வழி. படுக்கையில் இருப்பவரை ஓய்வில்லாமல் வருஷக்கணக்கில் பார்ப்பவர் கை ஒருநாள் டொம்மென்று வைக்கத்தான் செய்யும். அந்த ஒரு நாளை அவர் அம்மாவுக்காகவும்தான் கேட்கிறீர்கள்.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்றாம் முறை படித்தபோது என் மனசு சோழவந்தான்காரியிடமே போய் நின்றுவிட்டது.

நீங்கள் பார்த்த இந்த ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஹார்மோனியம் வாசிக்கும் பின்பாட்டுக்காரர் இன்னொரு பக்கமிருந்து வருவார். தனித்தனியாகப் பேசி அமர்த்துவதுதான். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள். இருந்தும் தர்க்கம் சண்டமாருதமாக நடக்கும். பாட்டும் வசனமும் இருவருக்கும் ஒன்று என்பதால் அது முடிகிறது. அந்த வண்டியில் நீங்கள் அடியை எடுத்துவிட்டதும் அப்படித்தான். முப்பது வருஷம் கழித்தும் மறு அடி வரும் என்று நம்பினீர்கள். அந்த நம்பிக்கையில் தப்பில்லை. ஆனால் இந்த முப்பது வருஷத்தில் அவள் மனசில் ஏறிய வசனம் உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். லோகிதாசன் விழுந்ததும் எழுந்து போனாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் மகன் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகளில்தான் இருக்கின்றன, நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. அடுத்து என்ன காட்சி வரப்போகிறது என்று அந்தப் பொட்டலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் உடலை ஏந்திக்கொண்டு தாய் சந்திரமதி மயானத்துக்கு வருவாள். உயிரோடு இருக்கிற மகன் பேசாமல் இருப்பதும் ஒரு தாய்க்குத் துக்கம்தான். ஆனால் அதற்கு யாரும் வந்து துக்கம் விசாரிப்பதில்லை. இரவு முழுக்கப் போனைப் பார்த்தாள் என்றீர்களே, மகன் இருக்கும் ஊரில் அப்போது பகலாக இருந்திருக்குமோ என்று நினைத்தேன். நிஜமாகவே தலைவலியாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள்மேல் பிரியம் போய்விட்டது என்பதைவிட இதற்கே எனக்கு வாய்ப்பு அதிகமாகத் தெரிகிறது. பிரியம் இல்லாதவள் மூன்று ராத்திரி கூட வந்திருக்க மாட்டாள்.

அதே நாடகத்தில் அரிச்சந்திரன் எதிரே நிற்பவள் தன் மனைவி என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. அவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியைப் பார்த்துத்தான் கண்டுகொள்கிறான். மூன்று வருஷம் ஒரே அறையில் படுத்த உங்களுக்கும், அவளிடத்தில் மற்றவர் பார்க்காத ஏதோ ஒன்று தெரியும். அவள் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள்தான் சொல்ல முடியும். அன்றைக்கு மொட்டை மாடிப் பெண்ணைத் தேடிப் போனதால் அதைக் கவனிக்கத் தவறிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் அந்த மூன்று நாள் அவ்வளவு தேவைப்பட்டது.

குழுவில் எழுதாதீர்கள், தனியாகப் போன் பண்ணுங்கள். மாமியார் தூங்குகிற மத்தியான நேரம் சரியாக இருக்கும். மகனைப் பற்றிக் கேட்க வேண்டாம். மேலூர்க்காரி சொன்னதையும் வெளிக்காட்ட வேண்டாம். "அன்னைக்கு நீ எந்திரிச்சுப் போனப்ப நானும் வந்து வண்டியில உக்காந்திருக்கணும்டி" என்று மட்டும் சொல்லுங்கள். அதன் பிறகு அவள் பேசாமல் இருந்தாலும் நீங்கள் போனை வைத்துவிடாதீர்கள்.